வண்டி போகுமா?

ஆம்புலன்ஸின் பின்சக்கரங்கள் இரண்டும் கரிசலுக்குள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தன. ஓட்டுநர் கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காலில் செருப்பு இல்லை. இரண்டு எட்டு தள்ளி அது சேற்றுக்குள் கிடந்தது.

மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். தாயில்பட்டிப் பக்கம் வானம் இன்னும் கறுத்துத்தான் இருந்தது. நனைந்த கரிசலுக்கு ஒரு வாசனை உண்டு, பழைய இரும்பைத் தண்ணீரில் போட்ட மாதிரி. அது மூக்கில் ஏறியது.

"இதுக்குள்ள எப்படிங்க இறங்குனீக?" என்று கேட்டேன்.

"நானா எறங்குலீங்ணா. மேப்புல ரோடுன்னு போட்டிருக்குதுங்க. வண்டி போகும்னும் போட்டிருக்குதுங்க" என்று போனை நீட்டினார். தாராபுரம் பக்கத்துக்காரர். இங்கே வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான். செம்மண்ணில் வண்டி ஓட்டிப் பழகியவர்.

போனை வாங்கிப் பார்த்தேன். நீலக் கோடு ஒன்று தார் ரோட்டிலிருந்து பிரிந்து, காட்டுக்குள் ஓடி, ஒரு பட்டாசு ஆலையின் பின்பக்கத்தில் முடிந்தது. பாதி வழியில், ஓடையை ஒட்டி, காரணமே இல்லாமல் ஒரு சின்ன வளைவு.

அந்த வளைவு எனக்குத் தெரியும். சித்திரை மாதம் ஒரு நாள் அந்த இடத்தில் மொபெட்டைத் திருப்பி, வேலமரத்துக்குப் பின்னால் ஒண்ணுக்குப் போனேன். கோட்டைப் போட்டது நான்.

கோடு முடிந்த இடத்தில், ஒரு கிலோமீட்டர் தள்ளி, கண்ணாடிவிரியன் கடித்துக் காலை நீட்டிக் கிடந்தார் பேச்சியம்மா மதினி. எனக்குத் தூரத்துச் சொந்தத்தில் அண்ணன் மனைவி. அந்த ஆலையில் சரவெடி பின்னுகிறவர். நான் அப்போது ஒரு குட்டியானை வண்டி வைத்து ஆலைகளுக்குக் காகிதக் குழாய் லோடு அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே போர்மேனாக இருந்த ராமர் போன் செய்து, "ஏலே தவசி, ஆம்புலன்ஸ் வாரேன்னு சொல்லி முக்கா மணி நேரமாச்சு. எங்கன நிக்குன்னு பாருலே" என்று கத்தியதால்தான் தேடி வந்தேன்.

அதற்கு மேல் சொல்வதற்கு முன்னால், அந்தக் கோடு எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

சூலக்கரையில் ஒரு பேனா

இந்தத் தொடரில் முறுக்குக் கம்பெனி நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "மொத்தம் எத்தனை ஊரில்தான் இருந்தீர்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன்பிறகு தீப்பெட்டி ஒட்டினேன். ஆந்திராவில் முறுக்கு சுட்டேன். சத்தீஸ்கரில் போர்வெல் லாரியில் குழாய் பிடித்தேன். நாக்பூருக்குப் போகிற லாரியில் கிளீனராக இருந்தேன். பசி இருந்தது, அடி இருந்தது. அதையெல்லாம் முந்தைய வாரங்களில் எழுதியாயிற்று.

இத்தனை ஊர் சுற்றியதில் மிச்சமானது ஒன்றுதான். ஒரு தடவை போன வழி எனக்கு மறப்பதில்லை.

ஊர் திரும்பிய வருடம், ஏதோ ஒரு சான்றிதழுக்காகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். வெளியே டீக்கடை பெஞ்சில் ஒரு அம்மா பெரிய தாளை விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் நாலு டீ கிளாசை வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். தலையில் முக்காடு, காலில் ஓட்டக்காரர்கள் போடுகிற ஷூ. டீக்கடைக்காரரிடம் மல்லாங்கிணறு பக்கத்தில் ஒரு ஊருக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டிப் பார்த்தேன். வரைபடம் என்று புரிந்தது. "இந்தக் கம்மாய் இங்கன இல்லங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. பேனாவை எடுத்து நீட்டினார். "வரைங்கண்ணே."

கையெழுத்துப் போடு என்று பேனா தந்தவர்கள் உண்டு. கைநாட்டா என்று கேட்டு மை டப்பாவை நகர்த்தியவர்களும் உண்டு. வரை என்று சொல்லி யாரும் தந்ததில்லை. கம்மாயை வரைந்தேன். அதன் கரை, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு, கரைமேல் போகும் பாதை, பாதை முடியும் கோயில் எல்லாவற்றையும் வரைந்தேன். மறுநாள் அந்த அம்மா ஸ்கூட்டரில் போய் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"கலுங்குல எத்தனை கண்ணுன்னு எண்ணுனீகளா?"

"மூணு."

"நானும் மூணுதான் எண்ணுனேன். நாளைக்கு வேலை இருக்கா உங்களுக்கு?"

இப்படித்தான் கமருன்னிசா மேடத்தோடு பழக்கம் ஆனது.

மூட்டையில் எழுதிய ஊர்கள்

விருதுநகரில் அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, வத்தல், மல்லி கமிஷன் மண்டி. சின்ன வயதில் மேடம் கிட்டங்கியில், அதாவது குடோனில், மூட்டைகள்மேல்தான் உட்கார்ந்து படிப்பாராம். ஒவ்வொரு மூட்டையிலும் நீல மையில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். "இந்த ஊரு எங்கத்தா இருக்கு?" என்று கேட்டால், "வண்டிக்காரனுக்குத் தெரியும்மா" என்பாராம் அத்தா. பள்ளிக்கூடத்து அட்லசில் விருதுநகரே ஒரு புள்ளிதான். மூட்டையில் இருக்கிற ஊர் எதுவும் அதில் இல்லை.

"அதுனாலதான் ஜாக்ரபி படிச்சீகளா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. கெமிஸ்ட்ரி கிடைக்கல" என்று சிரித்தார்.

படித்து முடித்து, கொஞ்ச காலம் கல்லூரியில் பாடம் நடத்தி, பிறகு பெங்களூரில் ஒரு வரைபடக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். பெரிய சம்பளம். அங்கே ஒரு நாள் நம் பக்கத்துக் காடுகளையும் ஊர்களையும் வரைபடத்தில் சேர்க்கலாம் என்று சொன்னதற்கு, "அங்கே நம் வாடிக்கையாளர் யாரும் இல்லையே" என்று பதில் வந்ததாம். அந்தப் பதிலில் தப்பு ஒன்றும் இல்லை என்பார் மேடம். கம்பெனி என்றால் அப்படித்தான். ஆனால் அதற்கப்புறம் அவரால் அங்கே உட்கார முடியவில்லை.

வெளியே வந்து, முகம் தெரியாத சில பேரோடு சேர்ந்து ஒரு மென்பொருள் எழுத ஆரம்பித்தார். வரைபடம் போடுவதற்கான மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் அதன் உள்ளே திறந்து பார்த்து, எப்படி எழுதியிருக்கிறது என்று படித்து, தப்பு இருந்தால் திருத்தலாம். அதில் போடுகிற வரைபடமும் அப்படியே எல்லோருக்கும் பொது.

எனக்கு இது விளங்க வெகு நாளாயிற்று. போர்மேன் ராமர் பச்சை நிறம் தருகிற மருந்தைக் கலக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டுதான் கலப்பார். என்ன அளவு என்று அவர் மகனுக்கே இன்னும் சொல்லவில்லை. சிவகாசியில் தொழில் தெரிந்தவர் என்றால் அப்படித்தான். இந்த அம்மாவோ கலவையைச் சுவரில் எழுதிப் போட்டுவிட்டு, தப்பிருந்தால் சொல்லுங்கள் என்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிடுகிறார்.

ராமரிடம் இதைச் சொன்னேன். "கிறுக்கா இருக்கும்லே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நெசமாவே எல்லாத்தையும் எழுதிருவாகளா?" என்று கேட்டார்.

மேடத்தின் அத்தா கடைசிவரை சொந்தக்காரர்களிடம், "புள்ள கம்ப்யூட்டர்ல வேலை பாக்குது. கம்பெனிப் பேருதான் சொல்ல மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கம்பெனி இருந்தால்தானே பேர் சொல்ல?

கேட்டுக்கு வெளியே

அந்தக் கோடையில் பட்டாசுக் காட்டை வரைபடமாக்கும் வேலை ஆரம்பித்தது. ஏதாவது நடந்தால் தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்சோ வழி கேட்டு நிற்கக் கூடாது. அதுதான் மேடத்தின் எண்ணம்.

பட்டாசு ஆலைக்குள் போன் போகாது. கேட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கும். போன், பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். செருப்பையும் கழற்றிவிட்டு, வாளித் தண்ணீரில் காலை நனைத்துத்தான் ஷெட்டுக்குள் ஏறுவார்கள். போன் போகாத இடத்தைப் போனை வைத்து எப்படி அளப்பது? உள்ளே இருக்கும் ஷெட்டுகளை வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து மேடம் வரைந்தார். கேட் எங்கே, பாதை எங்கே, ஊர்க்காரர்கள் அந்த ஆலையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் என் பொறுப்பு.

பெயர் ஒரு பெரிய தொல்லை. லைசென்சில் ஒரு பெயர் இருக்கும். பட்டாசு டப்பாவில் வேறு பெயர். வேலைக்குப் போகிறவர்கள் சொல்வது "பழைய சாமியார் கம்பெனி". சாமியார் போய்ச் சேர்ந்து பல வருடம் இருக்கும். பதற்றத்தில் போன் செய்கிறவன் அந்தப் பெயரைத்தான் சொல்வான். மேடத்திடம் சொன்னேன். ஒரு இடத்துக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அடுத்த வாரமே மென்பொருளை மாற்றிவிட்டார். என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்காக, உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் போன்களில் ஒரு கட்டம் கூடியிருந்தது. அன்றைக்கு அந்தக் கட்டத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வானத்துப் படத்தை முதலில் பார்த்ததும் அந்த நாட்களில்தான். கறுப்பு மண்ணில், ஒன்றுக்கொன்று ஒரே தூரத்தில், சின்னச் சின்ன வெள்ளைச் சதுரங்கள். காடு முழுவதும் அப்படித்தான். ஒரு ஷெட் வெடித்தால் அடுத்த ஷெட்டுக்குப் பரவாத தூரம் அது. கீழே நின்று பார்த்தபோது அது ஒழுங்கு என்றே எனக்குத் தோன்றியதில்லை. ஒரு வரிசையில் ஒரு சதுரம் மட்டும் இல்லை, மண் வெறுமையாக இருந்தது. அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். மேடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனோம்.

ஆம் என்று அழுத்தினேன்

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் போனால் போதும். போன வழியெல்லாம் கோடாக விழும். வீட்டுக்கு வந்து கோட்டைத் தொட்டால் கேள்விகள் வரும். தார் ரோடா, மண் ரோடா? எவ்வளவு அகலம்? வண்டி போகுமா? ஆம், இல்லை.

தாயில்பட்டியிலிருந்து அந்த ஆலையின் பின்பக்கத்துக்குப் போகிற பாதையைச் சித்திரையில் ஓட்டினேன். கரிசல் வெயிலில் வெந்து சிமெண்ட் போட்ட களம் மாதிரி இருந்தது. எனக்கு எதிரே மினி லாரி ஒன்று லோடோடு வந்தது. ஒதுங்கி வழி விட்டேன். வண்டி போகுமா என்று போன் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

அது பொய் இல்லை. அன்றைக்குப் போகும்.

புரட்டாசியில் முதல் மழை விழுந்தால் அந்தப் பாதையில் சைக்கிள்கூட இறங்காது. இது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தது என்றுகூட நாங்கள் நினைப்பதில்லை. மழை பெய்தால் நனைவோம் என்று யாராவது எழுதி வைப்பார்களா? அதனால் எனக்கு அது தோன்றவே இல்லை. மழை தொடங்குகிற மாதத்தில்தான் தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கும், எல்லா ஷெட்டிலும் ஆள் நிறைந்திருக்கும் என்பதும் தோன்றவில்லை.

ஆலைக்கு முன்பக்கம் நல்ல சரளை ரோடு உண்டு. வெம்பக்கோட்டை பக்கமாகச் சுற்றி வர வேண்டும். என் கோடு இல்லாமல் இருந்தால் ஆம்புலன்ஸ் அந்த வழியாகத்தான் வந்திருக்கும். என் கோடு இருந்ததால், கிட்டத்து வழி என்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர் அதைக் கரிசலுக்குள் அனுப்பிவிட்டது.

சுற்று வழி

கோடு என்னுடையது என்று ஓட்டுநரிடம் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. ஆம்புலன்சில் இருந்த நர்ஸ் தம்பி மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். தார் ரோட்டில் நின்ற என் வண்டியிலிருந்து காகிதக் குழாய்க் கட்டுகளை ரோட்டோரம் தள்ளிவிட்டு, வெம்பக்கோட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். அவ்வளவு நீளமான ரோடு நாக்பூர் வழியில்கூட இருந்ததில்லை.

கேட்டில் ராமர் நின்றிருந்தார். அவர் கையில் மரப்பெட்டியே இருந்தது. பெட்டியின் சாவி அவசரத்துக்குக் கிடைக்காமல், அதைக் கேட்டுக்கு வெளியே தூக்கி வந்து உடைத்திருக்கிறார். யாருடைய போன் என்று பார்க்காமல் ஒன்றை எடுத்துப் பேசியிருக்கிறார்.

சரம் பின்னுகிற பெண்கள் நாலு பேர் மதினியைப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கால் முட்டிவரை வீங்கியிருந்தது. விரல்களில் வெள்ளிப் பொடி அப்படியே இருந்தது.

"விரியன்தானா? நல்லாப் பாத்தீகளா?" என்று நர்ஸ் தம்பி கேட்டார்.

"பேரு கேக்கலய்யா, விட்டுட்டேன்" என்றார் மதினி. சுற்றி நின்றவர்கள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள்.

வண்டியின் பின்னால் அவரைக் கிடத்தி, நாலு பெண்களும் பலகையைப் பிடித்துக்கொள்ள, நர்ஸ் தம்பி சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க, சிவகாசிக்கு விட்டேன். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏ கொளுந்தா, மெதுவாப் போலே. பாம்பு கொல்லாதவள நீ கொன்னுருவ போல." கொஞ்ச தூரத்துக்குப் பிறகு அந்தக் குரல் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பள்ளத்திலும் நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. காலில் இரண்டு விரல் போயிற்று. தீபாவளி சீசன் முழுவதும் போயிற்று.

நாலாவது நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். "மதினி, ஆம்புலன்ஸ் வந்த அந்த வழிய மேப்புல போட்டது நான்தான்."

"நீயா?"

"ஆமா."

"மழையில அது வண்டி போற பாதையாலே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எந்திரிக்க முடியல. முடிஞ்சா செருப்பக் கழட்டியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு பல மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எதிரே வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம், "வண்டி போகும்னு சொன்னவக வாராக பாரு" என்பார்.

பனி ஊர்க்காரர்

மேடம் வேலை பார்ப்பது பழைய கிட்டங்கியின் மாடியில். கீழே இப்போதும் வேறு யாரோ வத்தல் வைத்திருக்கிறார்கள். நெடி ஏறாமல் அங்கே யாரும் ஐந்து நிமிடம் பேச முடியாது. தும்மிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தக் கோட்ட அழிச்சிருங்க மேடம். நான் போட்டதுங்கறதையும் அழிச்சிருங்க."

 மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோட்டத் திருத்தலாம்ணே. நீங்க போட்டதுங்கறத அழிக்க முடியாது. யாரு, என்னைக்கு, என்ன மாத்துனாகன்னு எல்லாம் அதுல கிடக்கும். என்னோடதும் கிடக்கு, பாக்குறீகளா?"

காட்டினார். ஒரு கம்மாயைத் தப்பான ஊரில் வைத்திருந்தார். இல்லாத பாலம் ஒன்றைக் கட்டியிருந்தார். எல்லாவற்றுக்கும் நேரே அவர் பெயர், யார் திறந்தாலும் தெரியும்படி. இத்தனை நாடுகளில் இத்தனை பேர் மதிக்கிற ஒருவர், தன் தப்புகளை வரிசையாகத் தள்ளித் தள்ளி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு ஆளை நான் சுற்றிய ஊர் எதிலும் பார்த்ததில்லை.

"நீங்க ஆம்னு சொன்னது ஒரு தப்பு. ஆமா, இல்லன்னு ரெண்டே பதில வச்சுக் கேட்டேன் பாருங்க, அது என் தப்பு. அதத்தான் மொதல்ல திருத்தணும்" என்றார்.

அதற்கு அவரோடு சேர்ந்து மென்பொருள் எழுதுகிற மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு மதியம் கூட்டம் நடந்தது. திரையில் எட்டு முகங்கள். ஒருவர் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு அம்மாவின் மடியில் பூனை. நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். புதைந்த சக்கரத்தின் படத்தைக் காட்டி மேடம் இங்கிலீஷில் பேசினார். தாடி வைத்த ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன சொல்லுதாரு?" என்று கேட்டேன்.

"ரோடுன்னா ரோடு, இல்லன்னா இல்ல. மாசத்துக்கு மாசம் மாறுனா கம்ப்யூட்டரு கணக்குப் போட முடியாதுங்கறாரு."

"அவரு ஊருல மழையே பெய்யாதான்னு கேளுங்க."

மேடம் அதை அப்படியே சொல்லிவிட்டார். திரையில் எல்லோரும் சிரித்தார்கள். தாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார். அவர் இருப்பது வடக்கே பனி பெய்யும் ஊர். அவர் அம்மா வீட்டுக்குப் போகிற மலைப்பாதையைப் பனிக்காலத்தில் நாலு மாதம் மூடிவிடுவார்களாம். வரைபடத்தில் அதை முழு ரோடாகப் போட்டது அவர்தானாம்.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. 'வண்டி போகுமா' என்ற கேள்விக்கு மூன்றாவதாக ஒரு பதில் வந்தது. சில காலம் மட்டும். அதைத் தொட்டால் இன்னும் கேள்விகள் திறக்கும். எந்த மாதங்களில் போகாது? மழை விட்டு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? கடைசியாக, பாதை காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கடைசிக் கட்டத்தில் எந்த மொழியிலும் எது வேண்டுமானாலும் எழுதலாம். கம்ப்யூட்டரால் கணக்குப் போட முடியாத பதில் எதற்கு என்று ஒருவர் கேட்டாராம். டிரைவர் படிப்பார் என்றாராம் மேடம்.

மூன்று வெயில்

பாதையைத் திருத்த நான் போனை எடுத்தேன். மேடம் தடுத்துவிட்டார். "இத அந்த அம்மா சொல்லட்டும்ணே."

தாயில்பட்டிக்குப் போனோம். மதினி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, வீட்டில் செய்யலாம் என்று வாங்கி வந்த திரி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெண்களும் கூடிவிட்டார்கள். மேடத்துக்குப் பலகை போட்டார்கள். எனக்குப் போடவில்லை.

"சாப்பிட்டீகளாம்மா?" என்று மேடத்திடம் கேட்டார் மதினி. "இந்த ஆளோட எப்படி இம்புட்டு தூரம் வந்தீக? வழி தெரிஞ்சுச்சா?"

மேடம் சிரித்துவிட்டு, அந்தப் பாதையைப் பற்றிக் கேட்டார். எந்த மாதம், எத்தனை நாள், எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெண்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மதினி கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார்.

"ஐப்பசி, கார்த்திகையில அந்தப் பாதையப் பத்தி மூச்சு விடக் கூடாது. புரட்டாசியும் மார்கழியும் மழையப் பொறுத்தது. மழை விட்டு மூணு வெயில் முழுசா அடிக்கணும். அப்புறம் ஒரு ஆட்ட ஓட்டிவிடுங்க. குளம்பு பதியலன்னா வண்டி இறங்கலாம்."

மேடம் போனை அவர் கையில் கொடுத்தார். மதினி ஐந்தாவது வரை படித்தவர். சொன்னதை நான் எழுத்தாக அடிக்க, அவர் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்துத் தன் விரலால் அழுத்தினார். முழுக் கோடாக இருந்தது புள்ளிக் கோடாக மாறியது. அதன் வரலாற்றில் என் பெயருக்கு மேலே பேச்சியம்மாள் என்று வந்தது.

"இதப் பாத்தா இனிமே டிரைவரு சுத்தி வருவாரா?"

"வருவாரும்மா" என்றார் மேடம்.

மதினி தலையாட்டிவிட்டுத் திரியை எடுத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து மேடம் போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது. பேச்சியம்மாள் என்ற பெயருக்கு ஒரு கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். எத்தியோப்பியாவிலிருந்து. எழுதியவர் அங்கே ஒரு சுகாதார ஊழியர். எங்கள் மண்ணும் கறுப்பு மண்தான், மழையில் எங்கள் வண்டிகளும் புதைகின்றன, இந்தப் புதிய கேள்விகளை வைத்து எங்கள் பாதைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தார். கூடவே அவர்களுடைய பகுதியின் வரைபடம். பக்கம் முழுவதும் புள்ளிக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு ஊர், அந்த ஊரில் யாருக்கோ காய்ச்சல், யாருக்கோ பிரசவம். கிட்டங்கி மாடிக்குப் போய் அதை நேரில் பார்த்தேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மதினியிடம் போனேன். தனியாகப் போனதால் பேசுவாரா என்று சந்தேகம்தான். மேடம் தமிழில் மாற்றித் தந்திருந்ததை வாசித்துக் காட்டினேன்.

"அங்கன மண்ணு கறுப்பான்னு மொதல்ல கேளு."

"கறுப்புதானாம் மதினி."

"நாம போட்டத அவுக படிச்சாகளா?"

"மேடம் இங்கிலீஷுல மாத்திக் குடுத்திருக்காக. அவுக ஆட்டப் பாக்க மாட்டாகளாம். சுமை ஏத்துன கழுதையப் பாப்பாகளாம். அது மிதிச்ச குளம்புக் குழியில தண்ணி ஊறுனா வண்டிய இறக்க மாட்டாகளாம்."

மதினி திரியைக் கீழே வைத்தார்.  அவர் உதடு மட்டும் அசைந்தது.

"அவுக சொல்றதுதாம்லே சரி. ஆட்டுக்கு என்ன கனமிருக்கு? அது துள்ளிப் போயிரும். அதப் பாத்து ஒரு வண்டி இறங்குனா என்னத்துக்கு ஆகும்? நான் சொன்னது தப்பு. மாத்து."

"இப்பவேவா?"

"மழை கேட்டுக்கிட்டா வரும்? எடுலே போன."

எடுத்தேன். "இங்க கழுதைக்கு எங்க போறது மதினி? என்னன்னு போட?"

"குடத்தோட ஒரு பொம்பள நடந்தா காலு பதியுதான்னு பாக்கச் சொல்லு. ரெண்டு குடம்னு போடு, இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணு." நான் அடித்து முடிப்பதற்குள் போனைத் தன் பக்கம் இழுத்து வாசித்தார். "தண்ணி நிறைஞ்ச குடம்னு போடுலே. ஒன்ன மாதிரி எவனாவது வெறுங்குடத்த வச்சு நடந்துட்டு, வண்டி போகும்னு எழுதிருவான்."